பொரித்த கிழங்கின் மீது ஒரு விசாரணை

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தாறாம் வருஷம் மாசி மாதம் ஒன்பதாந் திகதி திங்கட்கிழமை தொடக்கம், கல்லுமலைத் தோட்டத்தின் எந்த லயத்திலும், எந்தக் காம்பராவிலும், காலை வேளையில் உருளைக்கிழங்கு பொரித்தல் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. மீறுவோரின் கிழங்குப் பாத்திகள் முன்னறிவித்தலின்றிப் பிடுங்கப்படும்.

இந்தப் பிரகடனம் தோட்டக் காரியாலயத்துப் பலகையில் நான்கு மூலையும் குண்டூசி குத்தி ஒட்டப்பட்டது. சகலருக்கும் என்று போட்டிருந்தாலும், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர். பொரிப்பதற்குக் கிழங்கு வைத்திருந்தவள் ஒரே ஒருத்தி. அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

நமுனுகுல மலையின் பசறைப் பக்கச் சரிவில் கிடந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அறிவிப்பதற்கு வேறு சங்கதிகள் இல்லாமலில்லை. கூப்பன் அரிசி குறைந்துகொண்டே போனது. கோதுமை மா வாங்க விடியமுன் போய் வரிசையில் நின்றவர்கள் வெறும் பையைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார்கள். மேல் லயத்தின் கூரைத் தகரம் ஐப்பசிக் காற்றோடு போனது போனதுதான். இவை எதற்கும் பலகையில் இடம் கிடைக்கவில்லை. பொரித்த கிழங்குக்குக் கிடைத்தது.

பிரகடனத்தை எழுதியவர் பெரிய கிளாக்கர் கனகசுந்தரம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பத்தொன்பது வருஷமாகப் பேரேடும் ஆட்களின் பேர் பதியும் செக்ரோலுமாக வாழ்ந்தவர். வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை நடத்திய காலத்தில் கனகசுந்தரம் துரையின் பங்களா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பேசுவார். துரை போகிற வாரம் கையொப்பங்கள் வாங்க வேண்டியிருந்ததால் ஒரு காலை உள்ளே அழைக்கப்பட்டார். மேசையில் உட்காரச் சொன்னார்கள். நீலக்கரை போட்ட தட்டில் இரண்டு முட்டை, பக்கத்தில் பொரித்த உருளைக்கிழங்கு. வெளியே பொன்னிறம், கடித்தால் ஒரு சத்தம், உள்ளே வெண்ணெய் மாதிரி. துரை யன்னலுக்கு வெளியே பங்களாத் தோட்டத்தைக் காட்டி, நம்முடைய மண்ணில் விளைந்தது என்று பெருமையாகச் சொன்னார்.

அதோடு துரை இங்கிலாந்துக்குப் போனார். கனகசுந்தரம் அந்த மேசையிலிருந்து இன்னும் எழும்பவில்லை.

தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்தபிறகு கொழும்பிலிருந்து ஓர் இளம் துரை வந்தார். அவர் காலையில் ஒரு வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு ஜீப்பில் ஏறுகிறவர். ஆகவே பங்களாவின் கௌரவத்தைக் காப்பாற்றும் பொறுப்பு தம்முடைய காலைச் சாப்பாட்டின் மேல் விழுந்துவிட்டது என்று கனகசுந்தரம் முடிவு செய்தார். மனைவி குணமணியிடம் கிழங்கு பொரிக்கச் சொன்னார். எப்படிப் பொரிப்பது என்பதையும் சொன்னார். வீட்டுப் பின்பாத்தியில் அப்போதே கிண்டிய கிழங்கு, அப்போதே வெட்டி, அப்போதே எண்ணெயில். துரை தோட்டத்தைக் காட்டினாரல்லவா, அதிலிருந்து அவரே கண்டுபிடித்த சூத்திரம்.

குணமணி பொரித்தாள். வெளியே கரி, உள்ளே பச்சை. மறுநாள் மெல்லியதாக வெட்டினாள். கிழங்கு தாச்சியோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அடுத்த நாள் தணலைக் குறைத்தாள்; எண்ணெய் குடித்துத் தொய்ந்துபோய்க் கிடந்தது. ஒவ்வொரு நாளும் கனகசுந்தரம் முள்ளுக்கரண்டியால் ஒரு துண்டைத் தூக்கி, பிழையான கணக்கைப் பார்ப்பதுபோல் பார்த்து, தட்டைத் தள்ளிவிட்டுப் பேக்கரிப் பாணும் சம்பலும் கேட்பார்.

முதல்நாள் இரவு மிஞ்சியதையாவது சூடாக்கித் தரட்டுமா என்று குணமணி ஒருதரம் கேட்டாள்.

"இந்த வீட்டிலை பழையது எண்ட கதை வேண்டாம்," என்றார் கனகசுந்தரம். "பழையது தின்னுறது லயத்துச் சனம். நான் பெரிய கிளாக்கர்."

அவர் சொன்னது மெய். லயத்துச் சனம் பழையதுதான் தின்றது. ராத்திரி ரொட்டி மிஞ்சினால் காலையில் அதே ரொட்டி. மிஞ்சாவிட்டால் காலையில் தேத்தண்ணீர். ஆனால் அந்த மாசி மாதத்தில், கிளாக்கர் வீட்டுக்கு நேர் கீழே இருந்த லயத்தின் மூன்றாவது காம்பராவிலிருந்து, ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டுக் கொம்பு ஊதுவதற்கு முன்னால் ஒரு மணம் கிளம்பி மேலே வரத் தொடங்கியது. நீலக்கரைத் தட்டின் மணம். கனகசுந்தரம் பாணைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டார்.

மூன்றாவது காம்பரா மூக்காயியுடையது. பன்னிரண்டு வருஷம் பங்களாக் குசினியில் சமையற்காரக் கோக்கிக்குக் கைத்துணையாக நின்றவள். வெள்ளைக்காரத் துரை போனதும் குசினியில் ஆள் குறைத்தார்கள். அவளை மறுபடி கொழுந்து மலைக்கு அனுப்பினார்கள். போகும்போது துரைசாணி அவளுக்கு ஓர் இரும்புத் தாச்சியைக் கொடுத்தாள். தாச்சி இருந்தது, போடுவதற்கு ஒன்றுமில்லை. பசறைச் சந்தைக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாஹித் நானாவின் கடை மூலையில் முளைவிட்ட கிழங்கு ஒரு சாக்கு நிறையக் கிடந்தது. கறிக்கு யாரும் வாங்காத கிழங்கு. எறியப் போகிறேன், வேண்டுமானால் கொண்டுபோ என்றார் அவர். மீசை முளைச்ச மாதிரி இருக்கு, நட்டால் தாடியும் வரும் என்று கேலியும் செய்தார்.

லயத்தின் பின்னால், தண்ணீர் ஓடும் கானுக்கும் தேயிலைக்கும் நடுவில், யாருக்கும் வேண்டாத ஒரு துண்டு கல்லு நிலம். மலையிலிருந்து வந்தபின் தினமும் அந்தி வரைக்கும் கல் பொறுக்கி, மூக்காயி அதில் இரண்டு பாத்தி கட்டினாள். தை முடிவில் கிழங்கு வந்தது. ஒரு பாத்தியைக் கிண்டினாள். மற்றதை மண்ணிலேயே விட்டு, வேண்டியபோது எடுத்தாள். மா கிடைக்காத அந்த நாட்களில் அவளுடைய காலைச் சாப்பாடு அந்த இரண்டு பாத்திதான். வேறு ஒன்றும் இல்லை.

அறிவித்தலின் விஷயத்தைக் கறுப்பண்ணன் கங்காணி காம்பரா வாசலில் நின்று ஒப்பித்தார். மூக்காயி கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை கிழங்கு பொரித்தாள். அதற்கு மறுநாளும் பொரித்தாள். முந்தியாவது கதவைச் சாத்திப் பொரிப்பாள். இப்போது திறந்து வைத்துப் பொரித்தாள்.

வியாழக்கிழமை பெரட்டுக் களத்தில் கனகசுந்தரம் அவளை முன்னால் கூப்பிட்டார். இந்த மணத்தால் ஆட்கள் பெரட்டுக்குப் பிந்துகிறார்கள், தோட்டத்து ஒழுங்கு கெடுகிறது, உற்பத்தி பாதிக்கப்படுகிறது என்று எடுத்துச் சொன்னார். நாட்டின் அந்நியச் செலாவணி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். ஆட்கள் கூடையை முதுகில் மாட்டியபடி கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"கொழுந்து எடை கொறைஞ்சா என்னையக் கேளுங்கய்யா," என்றாள் மூக்காயி. "பெரட்டுக்குப் பிந்துனா அன்னிக்குச் சம்பளப் பேர வெட்டுங்க. என் அடுப்புல என்னா வேகுதுன்னு கேக்காதீங்க."

"மணம் வருதே, மணம்?"

"மணக்காமப் பொரிக்க எனக்குத் தெரியாதுங்க."

பின்வரிசையில் யாரோ செருமினார்கள். அது சிரிப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். கனகசுந்தரத்துக்கும் தெரியும். அவர் காரியாலயத்துக்குள் போய், திங்கட்கிழமை காலை துரை முன்னிலையில் விசாரணை நடக்கும் என்றும், முடிந்த கையோடு பாத்திகள் பிடுங்கப்படும் என்றும் இன்னொரு தாள் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கணவர் பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிய நேரம் பார்த்து, குணமணி நான்கு கிழங்கைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு தேயிலைக்குள்ளால் இறங்கினாள். கிளாக்கர் வீட்டு அம்மா லயத்துக்கு வருவது வழக்கமில்லை. மூக்காயி அவசரமாகச் சாக்கை உதறிப் போட்டாள்.

எப்படிப் பொரிக்கிறாய் என்று குணமணி கேட்டாள். மூக்காயி அந்த நான்கு கிழங்கையும் வாங்கி, தன்னுடையதோடு ஒரே பானையில் தோலோடு அவியப் போட்டாள். அவிந்ததும் வடித்து, சுளகில் பரப்பினாள். இருவரும் குந்தியிருந்து பார்த்தார்கள். தோல் வெடித்த இடங்களில் மா பூத்திருந்தது. குணமணி கத்தியை எடுத்தாள்.

"இப்பத் தொடாதீங்கம்மா. ராவு முழுக்க ஆறணும். காலையில தடிப்பா வெட்டி, தாச்சி நல்லாக் காஞ்சதும் ஒரு கரண்டி எண்ணெயில போட்டுட்டு, கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க. கரண்டிய வச்சுக் கிண்டப்பிடாது. ஒரு பக்கம் செவந்தா அதுவே தாச்சிய விட்டுரும். அப்பறம் திருப்புங்க."

"அப்ப இது பழசெல்லோ?" என்றாள் குணமணி.

"பழசுதான். ராத்திரி துரை மேசையில மிஞ்சினத கோக்கி எடுத்து வச்சிருவாரு. காலையில அதத்தான் நான் பொரிப்பேன். புதுக்கெழங்கு செவக்காதும்மா. பன்னெண்டு வருஷம் துரைக்கும் பழசுதான் போட்டோம்."

குணமணி வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். போகும்போது, தான் வந்ததை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். மூக்காயி தலையாட்டினாள்.

திங்கட்கிழமை விடிந்தபோது கனகசுந்தரத்துக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பங்களாத் தோட்டத்துக் கிழங்குப் பாத்தி ஒன்று கிண்டிக் கிடப்பதாகத் தோட்டக்காரன் வந்து சொன்னான். முதல்நாள் அந்தியில் நன்றாக இருந்ததாம். கனகசுந்தரம் காலைச் சாப்பாட்டையும் மறந்து காரியாலயத்துக்கு ஓடினார். மணக் குற்றம் இப்போது களவுக் குற்றமாக உயர்ந்துவிட்டது. கறுப்பண்ணன் கங்காணியை அனுப்பி, மூக்காயியின் அடுப்பிலிருந்த தாச்சியைக் கிழங்கோடு கைப்பற்றச் செய்தார். அவள் அப்போதுதான் இறக்கியிருந்தாள். ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

மேசையில் வெள்ளைத் துணி விரித்துத் தாச்சியை நடுவில் வைத்தார்கள். வெளியே இரண்டு பேர் மண்வெட்டியோடு தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். மூக்காயி கதவருகே நின்று அந்த மண்வெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். துரை பெரட்டெல்லாம் கலைந்து வெகுநேரம் கழித்து, செருப்போடு, கொட்டாவியோடு வந்தார். அதற்குள் கிழங்கு சில்லிட்டுப் போயிருந்தது.

இது பங்களாக் கிழங்குதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று துரை கேட்டார். ருசிதான் அத்தாட்சி என்றார் கனகசுந்தரம். பங்களா மேசையில் இருந்து கிழங்கு சாப்பிட்டவர் இந்தத் தோட்டத்தில் ஒருவரே. ஆகவே குற்றஞ்சாட்டியவரும், எழுதுகிறவரும், நிபுண சாட்சியும் ஒருவரே ஆனார்.

அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். நிச்சயப்படுத்த இரண்டாவதை எடுத்தார். இரண்டையும் ஒப்புநோக்க மூன்றாவது வேண்டியிருந்தது. துரை மணிக்கூட்டைப் பார்த்தார். கங்காணி முகட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தடயப்பொருள் முற்றாக ஆராயப்பட்டு, தாச்சியில் ஒரு செத்தல் மிளகாய்த் துண்டு மட்டும் மிஞ்சியது.

கனகசுந்தரம் வாயைத் துடைத்துக்கொண்டு, உரக்கச் சொல்லியபடியே எழுதினார். இது இன்று விடியற்காலை களவாகக் கிண்டி எடுக்கப்பட்ட புத்தம்புதுக் கிழங்கு. மண்ணிலிருந்து நேரே தாச்சிக்கு வந்தது. ஓர் இரவு வைத்திருந்தாலும் இந்தச் சுவை வராது. இதை என் அனுபவத்தைக் கொண்டு உறுதிப்படுத்துகிறேன்.

"எழுதிட்டீங்களாய்யா?" என்று கேட்டாள் மூக்காயி.

"எழுதியாச்சு."

"கையெழுத்தும் வச்சிருங்க."

வைத்தார். அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

"அது நேத்துச் சாயந்தரம் அவிச்சதுங்க," என்றாள் மூக்காயி. "ராவு முழுக்கச் சொளகுல கெடந்துச்சு. பழசு."

கனகசுந்தரம் மேசையில் தட்டினார். பொய், பச்சைப் பொய் என்றார். தாம் பழையதைத் தொட்டே பத்தொன்பது வருஷம் என்றார். அவித்ததை யாராவது பார்த்தார்களா என்று துரை கேட்டார். மூக்காயி மண்வெட்டிகளை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தவங்க இருக்காங்க. நான் பேர் சொல்ல மாட்டேன்."

"பார்த்தீங்களோ, சேர்," என்றார் கனகசுந்தரம். வெளியே மண்வெட்டிக்காரர்களைப் பார்த்து எழும்பச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒருவன் எழுந்து சாரத்தை மடித்துக் கட்டினான். மூக்காயி வாசற்படிக்குப் போய் அவனைக் கைநீட்டி மறித்து, உள்ளே திரும்பினாள். எழுதப்படிக்கத் தெரியாத நான் சொல்லுறது பொய்யின்னா, அவிச்ச கெழங்குக்கும் பச்சைக் கெழங்குக்கும் வித்தியாசம் தெரியாத நாக்கு சொல்லுறது மட்டும் எப்படி மெய்யாகும் என்று கேட்டாள். எழுந்தவன் மண்வெட்டியைக் கீழே ஊன்றினான்.

அப்போதுதான் அவளுக்குப் பின்னால், மூடிய தட்டோடு குணமணி வந்து நின்றாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் காரியாலயப் படி ஏறியது அதுவே முதல் தடவை.

"இஞ்சாருங்கோ," என்றாள் கணவரிடம். "சாப்பிடாமல் வந்திட்டியள். கொண்டுவந்தனான்."

தட்டைத் திறந்தாள். பொன்னிறம். துரை கேட்காமலே கையை நீட்டி இரண்டு துண்டு எடுத்தார். குணமணி தட்டைக் கணவரின் முன்னால் வைத்தாள்.

"இதையும் ருசி பாருங்கோ. அதுவும் இதுவும் ஒண்டோ எண்டு சொல்லுங்கோ."

கனகசுந்தரம் ஒரு துண்டைக் கடித்தார். சத்தம் அறை முழுவதும் கேட்டது. அவருடைய கை தானாக அடுத்த துண்டுக்குப் போனது.

"நேற்றுப் பின்னேரம் மூக்காயியின்ரை அடுப்பிலை, ரெண்டு பேற்றை கிழங்கும் ஒரே பானையிலை அவிஞ்சது. நான் பக்கத்திலை குந்தியிருந்தனான்."

"லயத்திலையோ?"

"ஓம், லயத்திலை. அவிச்சுக் கொண்டுவந்து ராத்திரி முழுக்க உங்கடை சோத்துப் பானைக்குப் பின்னாலை வைச்சிருந்தனான். வெள்ளைக்காரத் துரையும் பழசுதானாம் திண்டவர். ராத்திரி மிஞ்சினது."

கனகசுந்தரத்தின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

துரைக்குத் தூக்கம் முற்றாகக் கலைந்துவிட்டது. அப்படியானால் பங்களாப் பாத்தியைக் கிண்டியது யார் என்று கேட்டார். கறுப்பண்ணன் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து, உள்ளேயிருந்து கறுப்பும் வெள்ளையுமான ஒரு நீள முள்ளை எடுத்து மேசையில் வைத்தார்.

"முள்ளம்பன்றிங்க. பாத்தியில கெடந்துச்சு. காலையிலேயே எடுத்து வச்சிட்டேன். யாரும் கேக்கலைங்க."

துரை வெகுநேரம் சிரித்தார். பிறகு பாத்திகள் இருந்தபடியே இருக்கட்டும் என்றார். கான் ஓரம் மிச்சக் கல்லையும் பொறுக்கிக்கொண்டால் அடுத்த போகத்துக்கு மூன்றாவது பாத்தியும் கட்டலாம் என்றார். அதை எழுதச் சொன்னார். கனகசுந்தரம் எழுதினார். அவருடைய கையெழுத்து வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. மண்வெட்டிக்காரர்கள் வந்த வழியே போனார்கள்.

மூக்காயி நன்றி சொல்லவில்லை. மேசைக்குப் போய்த் தாச்சியை எடுத்து, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என் காலைச் சாப்பாட்ட சாட்சிக்குத் தின்னுட்டீங்க. வெறும் வயித்தோட மலைக்குப் போகணும்."

குணமணி கணவரின் முன்னாலிருந்த தட்டை எடுத்தாள். இரண்டு பேரும் காரியாலயத்து வாசற்படியில், அறிவித்தல் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து, ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். பெரிய கிளாக்கர் வீட்டு அம்மாவும் கொழுந்தெடுக்கிறவளும் ஒரு தட்டில் சாப்பிடக்கூடாது என்று தோட்டத்தில் எந்த அறிவித்தலும் இல்லை; அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. சாப்பிட்டு முடித்து மூக்காயி கையைக் கழுவி, கூடையை மாட்டிக்கொண்டு, தாச்சியை இடுப்பில் இடுக்கியபடி மலை ஏறினாள்.

தடை அறிவித்தலை யாரும் கிழிக்கவில்லை. கிழிக்கவும் ஒரு தாள் அடிக்க வேண்டும். அதை அடிக்க வேண்டியவருக்கு மனமில்லை. வெயிலில் எழுத்து மங்கிய அந்தத் தாளுக்குக் கீழே தினமும் காலையில் கிழங்கு மணம் வருகிறது, கீழ் லயத்திலிருந்தும், மேல் வீட்டிலிருந்தும்.

கனகசுந்தரம் இப்போது காலையில் பழையதுதான் சாப்பிடுகிறார்.